சர்க்ளிப்

லிங்கராஜபுரம், மூன்றாவது மாடி.
வண்டி கீழே நிற்கிறது, வயிறு இல்லாமல்.
வயிறு என் அடுப்படியில்.

இட்லிப் பானையில் தட்டுகளை எடுத்துவிட்டு
கிரேங்க் கேஸின் ஒரு பாதியை வேகவைக்கிறேன்.
பேரிங்குகள் நேற்றிரவிலிருந்து ஃப்ரீசரில்,
மத்தி மீன் பொட்டலத்துக்கு அடியில்.
பிரஸ் இல்லாதவளுக்கு இதுதான் பிரஸ்:
ஒன்று கொதிக்க, ஒன்று விறைக்க,
இரண்டும் சந்திக்கும் நொடியில் கை நடுங்கக் கூடாது.
டொக்.
உட்கார்ந்துவிட்டது.
மூக்கைப் பொத்தியபடி பிலோமினா கதவோரம்:
"இனிமே அதுல இட்லி ஊத்துன, எனக்கு வேணாம்."

கழற்றிய அன்று நட்டு அசையவில்லை. பூட்டிப் பிடிக்கக் கருவியும் இல்லை.
துணிக்கொடியை அவிழ்த்து
பிளக் துளை வழியே முழம் முழமாக உள்ளே ஊட்டினேன்.
பிஸ்டன் ஏறி வந்து கயிற்றைக் கடித்து நின்றது.
அன்று இரவு ஈரத்துணியெல்லாம் நாற்காலிகளில்.

ஹெட் தட்டையாக இல்லை.
பீரோக் கண்ணாடியைக் கழற்றித் தரையில் கிடத்தி
மேலே எமரித்தாள், கொஞ்சம் தண்ணீர்.
எட்டு போட்டேன்,
ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலூன்றித் தோற்ற அதே எட்டு,
இம்முறை கையால், முந்நூறு தடவை.
தாளின் ஓரத்தில் என் தாடை மட்டும்
வந்து வந்து போனது.

கேஸ்கெட்டுக்கு லேப் முதலாளியின் புதுமனை புகுவிழாப் பத்திரிகை.
நல்ல கனம். விழாவுக்குத்தான் போகவில்லை.
பாயின்ட் இடைவெளிக்கு
பத்து மாச அட்வான்ஸ் கட்டவைத்த புரோக்கரின் விசிட்டிங் கார்டு.
இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும் என்பார்கள். பிடித்தது.
அந்த ஆளால் முதல் உதவி.

ரத்தம் எடுப்பது என் வேலை.
ஆயில் அளக்கும் சிரிஞ்சும், ஆர்ட்டரி ஃபோர்செப்ஸும்
எங்கிருந்து வந்தன என்று கேட்காதீர்கள்.

அந்த ஃபோர்செப்ஸ்தான் வழுக்கியது.
பிஸ்டன் பின்னுக்கு இந்தப் பக்கம் ஒரு சர்க்ளிப் போட்டாயிற்று,
அந்தப் பக்கத்தது
டிங்
என்று எங்கோ.
கண்ணிமை அளவு கம்பி.
உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி
அடுப்படி முழுக்க மீன் பிடித்தேன்.
அரிசி டப்பாவைக் கொட்டினோம்.
திட்டிக்கொண்டே பிலோமினாவும் முட்டிபோட்டு, போன் வெளிச்சத்தில்.

இரவு இரண்டு மணிக்குத் தன் கொண்டை ஊசியை நீட்டினாள்.
"இதை வளைச்சுப் பாரேன்."
வளைத்தேன். அதே தடிமன். பள்ளத்தில் உட்காரவும் செய்தது.
எவ்வளவோ பொய்யை இந்த எஞ்சின் ஏற்றுக்கொண்டது,
பத்திரிகை, கயிறு, கண்ணாடி.
நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்று.
இந்தப் பொய் கழன்றால் சுவரைக் கீறிக்கொண்டு போகும்.
ஒரு காலை, ஊதா மூடிக் குழாய்க்குப் பதில் வேறொன்றில் ரத்தம் பிடித்து
"ரெண்டும் ஒண்ணுதான்" என்று அனுப்பினேன்.
அதற்கு மேல் எழுத மாட்டேன்.
ஊசியை நிமிர்த்திக் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

திங்கட்கிழமை, ஜே.சி. ரோடு.
"ஒந்தே கொடல்ல மேடம்."
பத்தாகத்தான் தருவாராம். நாற்பது ரூபாய்.
வீட்டில், கையையும் எஞ்சினையும் சேர்த்து
பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு மாட்டினேன்.
ஏழாவது உதையில் பிடித்தது. தெருவே இருமியது.

ஆனாலும் பெருக்கும்போது துடைப்பத்தில் ஏதாவது கிணுங்கினால்
இன்னும் குனிகிறேன்.
இதுவரை ஒரு வாஷர், எட்டணா,
பிலோமினாவின் தோட்டுத் திருகாணி.
தொலைந்ததாக அவள் சொன்னதே இல்லையே என்று
காதைத் திருப்பிப் பார்த்தேன்.
சைக்கிள் வால்வு டியூபில் ஒரு துண்டு நறுக்கி
மாட்டியிருந்தாள்.
"ரெண்டு மாசமா அதான்" என்றாள்.